பெரியவர்கள் ஏன் எழுத்துப்பிழை விடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: படிப்பெல்லாம் முடித்து, தினமும் எதையாவது வாசித்து, எழுதி வேலை பார்க்கிற ஒருவர், வருடக்கணக்காகப் புழங்குகிற சொல்லையே ஏன் தப்பாக எழுதுகிறார்? கவனக்குறைவா, சோம்பலா, இல்லை படித்த படிப்பே அவ்வளவுதானா?

மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதே என் வேலை என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். சுருக்கமாகச் சொன்னால், வாசிக்கும்போது நாம் எழுத்துகளை ஒழுங்காகப் பார்ப்பதே இல்லை. எழுதும்போது கண்ணை விட்டுவிட்டுக் காதை நம்புகிறோம். பெரியவர்கள் விடும் பிழைகளில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விழுகிறது. சோம்பலுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் நினைப்பதைவிடக் குறைவு.

வாசிக்கத் தெரிந்தால் எழுதத் தானாகத் தெரியும் என்று நினைக்கிறோம் இல்லையா, அங்கேதான் முதல் தவறு. ஒன்றைப் பார்த்து ‘இது அதுதான்’ என்று சொல்வது வேறு, எதுவும் எதிரே இல்லாமல் நினைவிலிருந்து அதை உண்டாக்குவது வேறு. 1979இல் ரேமண்ட் நிக்கர்சன், மெரிலின் ஆடம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கர்களிடம் அவர்கள் ஊர் ஒரு சென்ட் நாணயத்தை வரையச் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்கக் கையில் புரண்ட நாணயம். ஆனாலும் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்த வாசகம் எங்கே இருக்கிறது என்று பெரும்பாலானோருக்குச் சரியாக வரையத் தெரியவில்லை. செலவழிக்க அதெல்லாம் தேவைப்படவில்லை, அதனால் மூளை சேர்த்துவைக்கவும் இல்லை.

எழுத்திலும் இதே கதைதான். ஆங்கிலத்தின் சின்ன ‘ஜி’ எழுத்துக்கு அச்சில் இரண்டு வடிவம் உண்டு. ஒன்றில் கீழ்ப்பகுதி கொக்கி போல வளைந்து நின்றுவிடும், இன்னொன்றில் கீழேயும் மூடிய வளையமாக இருக்கும். இந்த இரண்டாவது வடிவம் புத்தகம், செய்தித்தாள் எல்லாவற்றிலும் வருவது. 2018இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது, ஆங்கிலத்தைச் சரளமாக வாசிக்கிற பெரியவர்களில் பெரும்பாலானோரால் அதை எழுதிக் காட்ட முடியவில்லை. பல வடிவங்களைக் காட்டி ‘இதில் எது சரி’ என்று கேட்டபோதும் நிறையப் பேர் தடுமாறினார்கள். இத்தனைக்கும் அவர்கள் அந்த எழுத்தை லட்சக்கணக்கான முறை வாசித்திருப்பார்கள்!

மருத்துவத்தில் இதைவிட வினோதமான சான்று ஒன்று உண்டு. 1892இல் ஜூல்ஸ் டெஜெரின் என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். மூளையில் ஏற்பட்ட பாதிப்புக்குப் பிறகு அந்த மனிதரால் எழுத முடிந்தது, தான் எழுதியதைத் தானே படிக்க முடியவில்லை. வாசிப்பதும் எழுதுவதும் ஒரே திறமையின் இரண்டு பக்கங்கள் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

சரி, அப்படியானால் நிறைய வாசிக்கிறவர்களும் பிழை விடுவது ஏன்? ஊட்டா ஃபிரித் என்ற உளவியலாளர் 1980 வாக்கில் இதைத்தான் ஆராய்ந்தார்: வாசிப்பில் கெட்டி, எழுத்தில் மோசம் என்கிற ஆட்கள். இவர்கள் ஒரு சொல்லின் எல்லா எழுத்துகளையும் உள்வாங்காமல், சில அடையாளங்களை மட்டும் பிடித்துக்கொண்டு மளமளவென்று போய்விடுகிறார்கள் என்பது அவருடைய விளக்கம். முதல் எழுத்து, சொல்லின் நீளம், வாக்கியத்தின் போக்கு, இவ்வளவு போதும், சொல் பிடிபட்டுவிடும். வேகமான வாசகர் பலர் இப்படித்தான். ‘நிறையப் படி, பிழை தானாகப் போய்விடும்’ என்ற அறிவுரை அதனால் பாதிதான் உண்மை. குழந்தைகளுக்கு அது நன்றாகவே உதவும். வேகமாக வாசித்துப் பழகிவிட்ட பெரியவருக்கு இன்னும் நூறு புத்தகம் கொடுத்தாலும் அதே வேகத்தில்தான் வாசிப்பார். ‘அக்கறை’யில் இருப்பது எந்த ற என்று ஒருமுறைகூட அவர் கண்ணில் பட்டிருக்காது. ‘உங்கள் அக்கரைக்கு நன்றி’ என்று கடிதம் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார், பெறுகிறவர்தான் எதிர்க்கரையில் நிற்க வேண்டும்.

இப்போது காதுக்கு வருவோம். விஷயத்தின் மையம் இதுதான்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரான்ஸின் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் அரண்மனையில், பொழுதுபோக்காக ஒரு சொல்வதெழுதல் நடந்ததாக ஒரு கதை அங்கே ரொம்பப் பிரபலம். வேண்டுமென்றே பொறிகள் வைத்த ஒரு பத்தியைச் சொல்லச் சொல்ல எல்லோரும் எழுத வேண்டும். பேரரசருக்கு 75 பிழை, பேரரசிக்கு 62. மிகக் குறைவாக 3 பிழை மட்டும் விட்டவர், பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொள்ளாத மெட்டர்னிக் என்ற ஆஸ்திரியர். எண்களைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்லியிருக்கலாம், ஆனால் கதையின் உள்ளே ஒரு நிஜம் இருக்கிறது. தாய்மொழியை நாம் முதலில் காதால் கற்கிறோம், எழுத்து பல வருடம் கழித்து அதன் மேல் வந்து உட்கார்கிறது. அந்நிய மொழியைப் படித்தவர் பெரும்பாலும் சொல்லையும் எழுத்தையும் ஒன்றாகவே, கண் வழியாக வாங்கிக்கொள்கிறார். ஒரே ஒலியுள்ள இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்வது அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் சகஜமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

தமிழில் இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். எழுத்து முறை பழைய வேறுபாடுகளை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறது, பேச்சு அவற்றில் பாதியைக் கைவிட்டுவிட்டது. ர, ற இரண்டையும் வேறுபடுத்திச் சொல்கிற வழக்குகள் இன்றும் உண்டு, ஆனால் பெரும்பாலான பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ண, ன வேறுபாடு பலருக்கு வாயில் இல்லை. ‘பழக்கம்’ பளக்கமாகிறது, சில பேச்சில் பலக்கமே ஆகிவிடுகிறது. ந, ன இரண்டுக்கும் ஒலியில் வேறுபாடே இல்லாத மாதிரிதான் இன்று ஒலிக்கிறோம். சொல்லில் எந்த இடத்தில் வருகிறது என்பதை வைத்துத்தான் எதை எழுதுவது என்று தெரிகிறது. ஆக, காதை நம்பி எழுதுகிறவருக்குப் ‘பணிச்சுமை’ பனிச்சுமையாகவும் ‘மன அழுத்தம்’ மண அழுத்தமாகவும் வருவதில் ஆச்சரியமே இல்லை. (இரண்டாவது சில வீடுகளில் பிழையே இல்லை என்று வாதாடலாம்.)

இதில் கவனிக்க வேண்டியது, அவரைக் கூப்பிட்டுப் ‘பனிக்கும் பணிக்கும் என்ன வித்தியாசம்’ என்று கேட்டால் உடனே சரியாகச் சொல்லிவிடுவார் என்பது. தெரியாமல் விடும் பிழை வேறு, தெரிந்தே கை தவறி விழும் பிழை வேறு. வேகமாக எழுதும்போது மனதுக்குள் அந்தச் சொல் ஒலியாகத்தான் வருகிறது, கை அந்த ஒலிக்குப் பழகிய எழுத்துகளில் முதலில் கிடைப்பதை எடுத்துப் போட்டுவிடுகிறது. அறிவு இதில் தலையிடுவதற்குள் சொல் முடிந்துவிடும். ஆங்கிலம் எழுதுகிறவர்கள் ‘அங்கே’ என்பதற்கும் ‘அவர்களுடைய’ என்பதற்கும் உள்ள ‘தேர்’களை மாற்றிப் போடுவதும் இதே வகைதான்.

கேலிக்கு ஆளானவர்கள் செய்யும் பிழை இதற்கு நேர் எதிர். ‘உனக்கு ழ வராது’ என்று ஒருமுறை யாராவது சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் ழ போட ஆரம்பித்துவிடுவார்கள்: ‘கழைப்பாக இருக்கிறது’, ‘செடி முழைத்தது’. ஒற்று விஷயத்திலும் அப்படித்தான். வல்லினம் மிகும், மிகாது என்ற பாடம் பாதி நினைவில் இருக்க, எதற்கு வம்பு என்று கண்ட இடத்தில் எல்லாம் ஒற்றைப் போட்டுவிடுவது. ‘எதிர்ப்பார்ப்பு’ அப்படி வந்ததுதான். ‘எதிர்பார்ப்பு’ என்றாலே போதும்.

என் மேஜைக்கு அதிகம் வருகிற பிழைகளில் ஒன்றைக் கொஞ்சம் பிரித்துக் காட்டுகிறேன்: ‘முயற்ச்சி’. ‘முயற்சி’ என்பதுதான் சரி. அந்தக் கூடுதல் ச் எங்கிருந்து வந்தது? ‘மகிழ்ச்சி’, ‘வளர்ச்சி’, ‘நிகழ்ச்சி’ என்று கை ஏற்கெனவே எழுதிப் பழகிய கூட்டத்திலிருந்து வந்தது. தமிழ்ச் சொல்லில் ய், ர், ழ் என்ற மூன்று மெய்களுக்குப் பின்னால்தான் இன்னொரு மெய் அடுக்கி வர முடியும்: வாய்ப்பு, வளர்ச்சி, வாழ்க்கை. ட், ற் இரண்டும் வல்லினம், அவற்றுக்குப் பின்னால் இன்னொரு மெய்யை ஒட்டவைக்க முடியாது. நட்பு, வெட்கம், கற்பனை, பயிற்சி, அதற்கு. ‘நட்ப்பு’, ‘அதற்க்கு’ எல்லாம் இந்த ஒரு விதியிலேயே விழுந்துவிடும். ஆனால் மூளை விதியைப் பார்த்து எழுதுவதில்லை, சாயலைப் பார்த்து எழுதுகிறது. ஒரே மாதிரி முடிகிற பத்துச் சொற்களில் எட்டில் ‘ச்சி’ இருந்தால் மிச்சம் இரண்டுக்கும் அதையே போட்டுவிடும்.

‘சுவற்றில்’ வந்த வழியும் இதே. கிணறு – கிணற்றில், வயிறு – வயிற்றில் என்று வருவதைப் பார்த்துச் சுவரையும் அதே வரிசையில் நிறுத்திவிட்டோம். ‘சுவர்’ ர் என்று முடிகிறது, ஆகவே ‘சுவரில்’தான். ‘சுவற்றில் எழுதாதீர்கள்’ என்று சுவரிலேயே எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், இரண்டு தப்பு.

இரட்டிப்பைப் பற்றி இன்னொரு சுவாரசியமான விஷயம். ஒரு சொல்லில் ஏதோ ஒரு எழுத்து இரட்டிக்கும் என்ற தகவலும், அது எந்த எழுத்து என்ற தகவலும் மூளையில் தனித்தனியாக இருப்பதாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் ‘புக்’ என்று தட்டச்சு செய்யும்போது இரட்டிக்க வேண்டியது ‘ஓ’, ஆனால் அவசரத்தில் ‘ஓ’ ஒன்றாகவும் ‘கே’ இரண்டாகவும் விழுந்துவிடும். இத்தாலியில் மூளைப் பாதிப்பு ஏற்பட்ட ஒருவரின் எழுத்தை ஆராய்ந்தபோதும் இதே மாதிரி, இரட்டிப்பு மட்டும் இடம் மாறி வேறு எழுத்தின் மேல் போய் உட்கார்ந்ததைப் பார்த்தார்கள். தமிழில் நாம் விடும் ஒற்றுப் பிழைகளில் கணிசமானவை இந்த ஜாதிதான் என்பது என் எண்ணம். ‘எங்கேயோ ஒரு ஒற்று வரணுமே’ என்ற நினைப்பு மட்டும் இருக்கும், இடம் மறந்திருக்கும்.

அப்புறம் சொல்லின் நீளம். எழுதி முடிக்கும் வரை சொல்லின் எழுத்துகளை மூளை தற்காலிகமாகப் பிடித்துவைத்திருக்க வேண்டும். அந்தப் பிடி நடுவில்தான் தளரும்; முதலெழுத்தும் கடைசி எழுத்தும் தப்பித்துவிடும். தமிழில் விகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் சொல் நீண்டுகொண்டே போகும் இல்லையா, ‘செய்துகொண்டிருக்கிறார்கள்’ எழுதும்போது நடுவில் ஒரு க் காணாமல் போய் ‘கொண்டிருகிறார்கள்’ ஆகிவிடும். தூக்கமில்லாத நாளில், அடுத்த வாக்கியத்தை மனம் முன்கூட்டியே யோசிக்கத் தொடங்கிவிட்ட நேரத்தில், பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டே இருக்கும்போது இது கூடும்.

இன்னொரு காரணத்தைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை: மற்றவர்களின் பிழை. லாரி ஜேகோபியும் ஆன் ஹாலிங்ஸ்ஹெட்டும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், தப்பாக எழுதப்பட்ட சொற்களை வாசித்தவர்கள் பிறகு அதே சொற்களைத் தாங்களே எழுதும்போது அதிகமாகத் தடுமாறினார்கள். மாணவர்களின் விடைத்தாளைத் திருத்துவது ஆசிரியரின் எழுத்துக்கு ஆபத்து என்று பாதி வேடிக்கையாகத் தலைப்பிலேயே சொல்லியிருந்தார்கள். திருத்துகிற வேலையில் இருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் இதை ஒப்புக்கொள்வார்கள். நாள் முழுக்க ‘முயற்ச்சி’யைப் பார்த்துவிட்டு மாலையில் சரியான வடிவம் கண்ணுக்கு அந்நியமாகத் தெரியும். முன்பெல்லாம் பெரியவர்கள் வாசித்தவற்றில் பெரும்பகுதி யாரோ ஒருவர் திருத்தி அச்சிட்டது. இப்போது நாம் ஒரு நாளில் வாசிப்பதில் பெரும்பகுதி யாரும் திருத்தாதது. பள்ளியில் படித்தது அப்படியே உறைந்து இருப்பதில்லை, வயதான பிறகும் தினமும் பார்ப்பதற்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும்.

கைப்பேசிக்கும் பங்கு உண்டு, ஆனால் சிலர் சொல்கிற அளவுக்கு வில்லன் இல்லை. ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழைப் பெறுகிறோம். ‘எல்’ என்று அடித்தால் அது ல தருமா ள தருமா ழ தருமா என்பதைப் பரிந்துரைப் பட்டியல்தான் தீர்மானிக்கிறது. முதலில் வருவதைத் தட்டிவிட்டுப் போகிறோம். குழந்தையைப் பல்லியில் சேர்த்துவிட்டதாகச் செய்தி போய்ச் சேர்கிறது. எழுத்துகளை நாமே கூட்டி எழுதும் பயிற்சி குறைந்தால் நினைவிலிருந்து எடுக்கும் திறனும் மங்கும். சீனாவிலும் ஜப்பானிலும் இது வெளிப்படையாகவே தெரிகிறது. ஒலியை அடித்துப் பட்டியலிலிருந்து எழுத்தைத் தேர்ந்தெடுத்தே பழகிய படித்தவர்கள், பேனாவைக் கையில் எடுத்ததும் எழுத்தின் கோடுகளை மறந்து நிற்கிறார்கள். சீன மொழியில் இதற்கென்று ஒரு தொடரே இருக்கிறது. பிழைதிருத்தும் செயலியாலும் இங்கே பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ‘மணம்’, ‘மனம்’ இரண்டுமே அகராதியில் இருக்கிற சொற்கள், அது எதைச் சிவப்பில் கோடிடும்?

‘திரும்ப ஒருமுறை படித்துப் பார்த்திருக்கலாமே’ என்பார்கள். படித்துப் பார்த்தும் தெரியாது. நாம் எழுதியதை நாம் வாசிக்கும்போது என்ன சொல்ல வந்தோம் என்பது முன்பே தெரியும், ஆகவே கண் தாளில் இருப்பதைவிட மனதில் இருப்பதைத்தான் பார்க்கிறது. எழுதியது எவ்வளவு பழகிப்போயிருக்கிறதோ அவ்வளவு பிழை கண்ணுக்குத் தப்பும் என்பதைச் சோதனைகளிலும் பார்த்திருக்கிறார்கள். அனுப்பு என்ற பொத்தானை அழுத்திய மறுநொடி பிழை பளிச்சென்று தெரிவதும் இதனால்தான். அதுவரை எழுதியவராக இருந்தோம், அந்த நொடியில் பெறுகிறவரின் கண்ணால் பார்க்கிறோம்.

சிலருக்குக் காரணம் இதைவிட ஆழமானது. டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்குகிற கற்றல் குறைபாடு, சிறுவயதோடு போய்விடுவதில்லை. பலர் வளர்ந்த பிறகு ஓரளவு சரளமாக வாசிக்கப் பழகிவிடுவார்கள், எழுத்துப்பிழை மட்டும் கூடவே வரும். இதற்கும் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தமில்லை. 2001இல் வெளியான ஓர் ஆய்வில் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகிய மூன்று நாடுகளின் டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்களை ஒப்பிட்டார்கள். வாசிக்கும்போது மூளையின் இடப்பக்கத்தில் ஒரே பகுதி மூவருக்கும் குறைவாக வேலை செய்தது. ஆனாலும் எழுதுவது போலவே ஒலிக்கிற இத்தாலிய மொழிக்காரர்கள் மற்ற இருவரைவிட நன்றாகவே வாசித்தார்கள். ஒரே சிக்கல் ஒரு மொழியில் ஒளிந்துகொள்கிறது, இன்னொன்றில் அம்பலமாகிறது. வாழ்நாள் முழுக்கத் தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டு, சந்தேகமான சொல்லைத் தவிர்த்து எளிய சொல்லையே போட்டு, எழுத வேண்டிய வேலையை எல்லாம் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட்டே காலம் கழித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து ‘கவனமாக எழுது’ என்பது எந்தப் பயனும் இல்லாத அறிவுரை.

அதே சமயம், இதுவரை நன்றாக எழுதிக்கொண்டிருந்த ஒருவருக்குத் திடீரென்று தெரிந்த சொற்களே எழுத வராமல் போனால், கூடவே பேச்சு குழறினால், கை மரத்தால், ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், உடனே மருத்துவமனை. பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

பழியை எல்லாம் எழுதுகிறவர் மேல் போடுவதும் நியாயமில்லை. எழுத்துமுறைகளே பல இடங்களில் அப்படித்தான் உருவாகியிருக்கின்றன. ஆங்கிலத்தில் தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ என்ற சொல்லில் ஒலிக்காத ஒரு ‘எஸ்’ இருக்கிறதே, அது லத்தீனிலிருந்து வந்த வேறொரு சொல்லோடு குழப்பி, படித்தவர்கள் உள்ளே சொருகியது. அதாவது ஒரு பிழை நிலைத்துப்போய் இன்று அதை விட்டால் பிழை என்கிறார்கள். தமிழிலும் கோயில் – கோவில், பவளம் – பவழம் என்று இரண்டு வடிவமும் செல்லுபடியாகிற சொற்கள் உண்டு. வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற சண்டை ஒவ்வொரு பண்டிகைக்கும் புதிதாகத் தொடங்கும். நான் ‘வாழ்த்துகள்’ கட்சி, ஆனால் அதற்காக யாருடைய வாழ்த்தையும் திருப்பி அனுப்ப மாட்டேன்.

சரி, பெரியவர் ஒருவர் என்னதான் செய்யலாம்? மொத்த இலக்கணத்தையும் மறுபடி படிக்கத் தேவையில்லை. ஒருவர் திரும்பத் திரும்ப விடுவது எல்லாச் சொல்லிலும் அல்ல, ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில். அந்தக் கூட்டம் எது என்று முதலில் பிடியுங்கள். சொல்லைக் குடும்பத்தோடு சேர்த்து வைத்துக்கொள்வது நன்றாக உதவும்: பொறு, பொறுமை, பொறுப்பு ஒரு வீடு, பொருந்து, பொருத்தம் இன்னொரு வீடு. ‘பொறுத்துக்கொள்’ எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிட்டால் ர, ற சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. மூன்று + நூறு என்று பிரித்துப் பார்த்தால் ‘முந்நூறு’ தெளிவாகும். வெம்மை + நீர் என்றால் ‘வெந்நீர்’. இனம் சேர்வதையும் நினைவில் வைக்கலாம், ட வந்தால் முன்னால் ண், ற வந்தால் ன், த வந்தால் ந்: கண்டு, கன்று, பந்து. இந்த ஒன்று மட்டுமே ஏகப்பட்ட சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

சொல்லைப் பார்த்துப் பத்துத் தடவை எழுதுவதில் பெரிய பலன் இல்லை, ஏனென்றால் பார்த்து எழுதும்போது நினைவுக்கு வேலையே இல்லை. ஒருமுறை நன்றாகப் பார்த்து, மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதி, திறந்து சரிபாருங்கள், மறுநாள் மறுபடி. எழுதும்போது ழ, ள, ற எல்லாவற்றையும் மனதுக்குள் கொஞ்சம் மிகையாகவே உச்சரித்துக்கொள்ளலாம், காதை நம்பித்தான் எழுதுவோம் என்றால் காதுக்கே சரியான ஒலியைக் கொடுத்துவிடுவது. முக்கியமான கடிதம் என்றால் எழுத்துருவை மாற்றி, அளவைப் பெரிதாக்கி, முடிந்தால் அடுத்த நாள் சத்தமாகப் படியுங்கள். இல்லையென்றால் வேறு யாரிடமாவது கொடுங்கள், அதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: தவறான வடிவத்தையும் சரியானதையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி மனப்பாடம் செய்வது. நான் விளக்குவதற்காக இங்கே அப்படி எழுதியிருக்கிறேன், உங்கள் குறிப்பேட்டில் சரியானது மட்டும் இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து இரண்டும் ஒரே அளவு பழகிய முகமாகத் தெரியும், எது எது என்பது மட்டும் நினைவில் இருக்காது.